சிக்கனம் யாருக்கு? சோதனை வடிவமைப்பு ஆய்வுகளைப் பெண்ணாக வாசித்தல்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் கூரையில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆண்கள். முன்மண்டபத் தூண்களில் ஆடும் பெண்கள் இருவர். கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கணிக்கப்படும் இந்த ஓவியங்களில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். 1930களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவற்றை ஆராய்ந்தார். சுவரில் பூசிய சாந்து எத்தகையது, அதன் அடுக்குகள் என்ன, நிறங்கள் எவற்றால் ஆனவை என்பது அவருடைய கேள்வி. அதற்கு விடை தெரிய வேண்டுமானால் ஓவியத்தின் பொருளிலேயே ஒரு துணுக்கைச் சோதித்தாக வேண்டும். சோதனையில் போனது திரும்ப வராது. ஆகவே மிகக் குறைவாக எடுத்து மிக அதிகம் தெரிந்துகொள்வது எப்படி என்ற கேள்வி அங்கே சுவரைக் காப்பதற்கான கேள்வியாகவும் இருந்தது.

இதே கேள்வி இன்று செயற்கை நுண்ணறிவு மாநாடுகளில் கணித மொழியில் கேட்கப்படுகிறது. குறைந்த ஆட்களை வைத்து, குறைந்த செலவில், குறைந்த நாட்களில் ஒரு மருந்தின், ஒரு திட்டத்தின், ஒரு விளம்பரத்தின் விளைவை நம்பகமாக அளப்பது எப்படி? ‘திறன்மிக்க சோதனை வடிவமைப்பு’ என்று இந்தத் துறையைச் சொல்லலாம். நான் அதைச் ‘சிக்கனமான சோதனை’ என்றே சொல்ல விரும்புகிறேன். சிக்கனம் என்ற சொல் நம் வீடுகளில் யார் தலையில் விழுகிறது என்று நமக்குத் தெரியும். வீட்டில் சிக்கனம் என்றால் யாருடைய தட்டில் குறைகிறது என்று பார்ப்போம். ஆய்வுக் கட்டுரைகளையும் அப்படி வாசித்துப் பார்க்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில், இந்தச் சிக்கனம் வேலை செய்யும் விதம். சந்தையில் ஒரு தட்டுத் தராசு இருக்கிறது. அதில் எடை போடும் ஒவ்வொரு முறையும் சிறு பிழை வருகிறது. ஒரு பூசணியையும் ஒரு தேங்காயையும் எடை போட வேண்டும். இரண்டு முறைதான் தராசைத் தொடலாம். நாம் வழக்கமாகப் பூசணியை ஒருமுறை, தேங்காயை ஒருமுறை போடுவோம். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முதல் முறை இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மொத்த எடையைப் பாருங்கள். இரண்டாம் முறை ஒன்றை இந்தத் தட்டிலும் மற்றதை அந்தத் தட்டிலும் வைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். மொத்தத்தையும் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் பூசணியின் எடை. கழித்துப் பாதியாக்கினால் தேங்காயின் எடை. தனித்தனியே எடை போட்டிருந்தால் இதே துல்லியத்துக்கு ஒவ்வொன்றையும் இருமுறை, ஆக நான்கு முறை தராசில் ஏற்றியிருக்க வேண்டும். தராசு அதேதான், காய்களும் அவையேதான். எதை எதோடு சேர்த்து வைப்பது என்ற முடிவு மட்டும் மாறியது. உழைப்பில் பாதி மிச்சமாயிற்று. சோதனை வடிவமைப்பு என்பது இதுதான்.

இந்தத் துறையின் தொடக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். டென்மார்க்கைச் சேர்ந்த கிர்ஸ்டின் ஸ்மித், லண்டனில் கார்ல் பியர்சனிடம் ஆய்வு செய்து 1918இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஒரு கோட்டையோ வளைவையோ அளவீடுகளிலிருந்து கண்டறிய வேண்டுமானால், அந்த அளவீடுகளை எந்தெந்த இடங்களில் எடுக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி. நேர்கோடு என்றால் பாதியை ஒரு முனையிலும் பாதியை மறுமுனையிலும் எடுங்கள். இருபடி வளைவு என்றால் இரு முனைகளிலும் நடுவிலும் சமமாக எடுங்கள். இப்படி ஆறாம் படி வரை அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதுவரை அளவீடுகள் கையில் வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் புள்ளியியலின் பெரிய கவலை. அளப்பதற்கு முன்பே யோசி என்று முழுக் கணக்கோடு சொன்ன முதல் கட்டுரையாக இது கருதப்படுகிறது.

அவர் பின்னாளில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்து 1939இல் இறந்தார். அவர் பயன்படுத்திய அளவுகோலுக்கு, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கீஃபர், வுல்ஃபோவிட்ஸ் என்னும் இருவர் பெயர் சூட்டினார்கள். பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர் ஓர் ஆங்கில எழுத்தாக நிற்கிறது. ஸ்மித் பல நூல்களில் வரலாற்றுக் குறிப்பாக ஒரு வரியில் வந்துபோகிறார்.

இன்னொரு பெண் இத்துறையின் மிகப் புகழ்பெற்ற புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறார், பெயரில்லாமல். ரொனால்ட் ஃபிஷரின் ‘சோதனைகளின் வடிவமைப்பு’ 1935இல் வெளிவந்தது. தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா, டிகாஷனை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிட முடியும் என்கிறார் ஒரு சீமாட்டி. எட்டுக் கோப்பைகள், நான்கு இப்படி, நான்கு அப்படி. கலைத்து வைத்துக் கொடுக்கிறார்கள். எந்த நான்கு என்று குருட்டாம்போக்கில் சொன்னால் சரியாக அமைவதற்கு 70இல் ஒரு வாய்ப்புத்தான். குலுக்கல் முறைச் சோதனையின் தர்க்கம் முழுவதையும் ஃபிஷர் இந்தக் கோப்பைகளை வைத்தே கட்டுகிறார்.

அந்தச் சீமாட்டி யார்? ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிஷரோடு பணிபுரிந்த மியூரியல் பிரிஸ்டல். மண்ணில் வாழும் பாசிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. புத்தகத்தில் அவருக்குப் பெயர் இல்லை, தொழில் இல்லை. அவர் சரியாகச் சொன்னாரா என்ற விடையும் இல்லை. எட்டையும் சரியாகச் சொன்னார் என்று உடனிருந்தவர் சொன்னதாகப் பின்னாளில் ஒரு நூலில் வந்தது. சோதிக்கும் ஆணின் அறிவு நூலாயிற்று. சோதிக்கப்பட்ட பெண்ணின் அறிவு வேடிக்கைக் கதையாயிற்று. இதை ஃபிஷரின் குணக்கேடு என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்த அத்தியாயத்தின் கட்டமைப்புக்குப் பிரிஸ்டலின் பெயர் தேவைப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றே. கணக்கின் வலிமை அதுதான். கணக்கை எழுதும் மொழிநடையின் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

இனி மாநாட்டுக்கு வருவோம். இயந்திரக் கற்றலின் முதன்மையான மாநாடு நியூரிப்ஸ். 1987இல் தொடங்கிய இம்மாநாட்டின் பழைய சுருக்கப் பெயர் ஆங்கிலத்தில் பெண்ணுடலைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவும் ஒலித்தது. அதை வைத்து நகைச்சுவைகள் நடந்தன. பெண் ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். சென்னை ஐஐடியில் படித்து, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அனிமா ஆனந்த்குமார் இந்த எதிர்ப்பில் முன்நின்றார். பெயரை மாற்ற வேண்டியதில்லை என்று முதலில் சொன்ன மாநாட்டுக் குழு, 2018 நவம்பரில் சுருக்கப் பெயரை மாற்றியது. பெயர்ப் பலகை மாறினால் என்ன ஆகிவிடும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. ஓர் அரங்கில் நின்று தன் ஆய்வைச் சொல்லப்போகும் மாணவி, அந்த அரங்கின் பெயரைக் கேட்டுக் கூசாமல் இருப்பது சிறிய விஷயமில்லை.

நாம் பேசும் சிக்கனச் சோதனைகள் இந்த அரங்கில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. 2022இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த மாநாட்டில் வந்த ஒரு கட்டுரை, ஒரு பெரிய மக்கள்கூட்டத்தில் சிறு பகுதியை மட்டும் தேர்ந்து சோதித்து, முழுக் கூட்டத்தையும் சோதித்ததற்கு நெருக்கமான துல்லியத்தில் விளைவைக் கணிக்க முடியும் என்று காட்டியது. ஆட்களின் வயது, வருமானம், உடல்நிலை போன்ற விவரங்கள் முன்பே கையில் இருந்தால், யாரைத் தேர்ந்தால் அதிகம் தெரியவரும் என்று கணக்கிடலாம். தராசில் காயை மாற்றி வைத்த அதே யோசனை, ஆயிரக்கணக்கான ஆட்களுக்கும் நூற்றுக்கணக்கான விவரங்களுக்கும் விரிகிறது. அழகான கணிதம். நான் அதைக் குறை சொல்லவில்லை.

இத்தகைய கட்டுரைகளின் நடையைப் பாருங்கள். ஓர் ஆள் அங்கே ‘அலகு’. அலகுகளின் விவரங்கள் ஒரு அட்டவணையின் வரிசைகள். ஒவ்வோர் அலகையும் சோதனைக்குள் கொண்டுவரச் செலவு உண்டு. வசதிக்காக அந்தச் செலவு எல்லோருக்கும் ஒன்றே என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. செலவு என்பது சோதனை நடத்துபவரின் செலவு. வரிசையாக நிற்கும் ஆளுக்கு ஆகும் செலவு எந்தச் சமன்பாட்டிலும் எழுத்தாக வருவதில்லை. அன்றைய நூறுநாள் வேலைக் கூலி போனது, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டது, பேருந்துக் காசு, பரிசோதனை மேசையில் படுக்கும் கூச்சம், மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பொய் எல்லாம் அதில் அடக்கம். அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டை மருத்துவமனைக்கு வரும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கும், அதே நகரில் ஸ்கூட்டி வைத்திருக்கும் ஆசிரியைக்கும் செலவு ஒன்றே என்று வைத்தால், கணக்கு எளிதாகும். ஆனால் அது பொய்க்கணக்கு.

இந்த முறைகளைச் சரிபார்க்கப் பயன்படும் அட்டவணைகளில் பெண்களும் குழந்தைகளும் எப்படி இருக்கிறார்கள் என்று தேடினேன். இரண்டு அட்டவணைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, 1985இல் அமெரிக்காவில் எட்டு இடங்களில் தொடங்கிய ஒரு குழந்தைநலச் சோதனை. எடை குறைவாக, குறைமாதத்தில் பிறந்த 985 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆலோசகர்களும் குழந்தைகள் மையத்தில் பராமரிப்பும் கிடைத்தன. 2011இல் ஜெனிஃபர் ஹில் என்னும் புள்ளியியலாளர் இதிலிருந்து ஒரு பயிற்சி அட்டவணையை உருவாக்கினார். குழுக்கள் சமமாக இல்லாதபோது ஒரு முறை எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பது அவர் நோக்கம். அதற்காக, பராமரிப்புப் பெற்ற குழந்தைகளில் வெள்ளையரல்லாத தாய்மாரின் குழந்தைகளை வேண்டுமென்றே நீக்கினார். மீதம் 747 வரிசைகள். பராமரிப்புப் பெற்றவர்கள் அவர்களில் 139. விளைவு எண்களும் கணினியில் உருவாக்கப்பட்டவை. ஹில் இதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே விளக்கியிருக்கிறார். அதன்பின் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இந்த 747 வரிசைகளைப் பயன்படுத்தின. அவற்றில் பலவற்றில் இது ஒரு சுருக்கப் பெயர் மட்டுமே. பராமரிப்புப் பெற்றவர்களில் வெள்ளையரல்லாத தாய்மாரின் பிள்ளைகளை எடுத்துவிட்டுச் செய்த அட்டவணை என்று வாசகருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, 1970களில் அமெரிக்காவில் நடந்த ஒரு வேலைவாய்ப்புத் திட்டச் சோதனை. அதில் சிறையிலிருந்து வந்தவர்கள் முதலிய ஆண்களும் இருந்தார்கள். அரசு உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மாரும் இருந்தார்கள். 1986இல் இதை வைத்து எழுதிய ராபர்ட் லலாண்ட் இரு தரப்பையும் ஆராய்ந்தார். 1999இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை ஆண்களின் பகுதியை மட்டும் எடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை வகுப்பறைகளிலும் மென்பொருள்களிலும் மாநாடுகளிலும் புழங்குவது அந்த ஆண்களின் அட்டவணைதான். 2017இல் கலோனிகோ, ஸ்மித் என்ற இருவர் பழைய கோப்புகளிலிருந்து பெண்களின் பகுதியைத் திரும்பக் கட்டி எழுப்பி வெளியிட்டார்கள். சோதனையில் பங்கெடுத்த தாய்மார், சோதனையின் வரலாற்றில் முப்பது ஆண்டுகள் காணாமல் போயிருந்தார்கள்.

சித்தன்னவாசல் பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தியை அது சொல்கிறது. தூணில் ஆடும் பெண்கள் யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வழக்கம் அது என்று விட்டுவிடலாம். 747 வரிசைகள் நம் காலத்தவை.

இதெல்லாம் நடை பற்றிய குறை, உயிர் பற்றியதல்ல என்று ஒருவர் சொல்லலாம். உயிர் பற்றியதற்குத் திண்டுக்கல் போவோம்.

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையினரும் சேர்ந்து நடத்தியது. கருப்பைவாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, நிறமாற்றத்தைக் கண்ணாலேயே பார்த்து, புற்றுக்கு முந்தைய நிலையைக் கண்டறியும் முறை. ஆய்வுக்கூடம் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியர் போதும். ஊராட்சிகளை அடிப்படையாகக் கொண்ட 114 தொகுப்புகள் குலுக்கலில் பிரிக்கப்பட்டன. 57 தொகுப்புகளில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேருக்குப் பரிசோதனை அளிக்க முன்வந்தார்கள். 31,343 பேர் செய்துகொண்டார்கள். மற்ற 57 தொகுப்புகளின் 30,958 பெண்களுக்கு வழக்கமான கவனிப்பு. அன்றைய கிராமப்புறத் தமிழ்நாட்டில் வழக்கமான கவனிப்பு என்றால் பரிசோதனை இல்லை என்று பொருள்.

முடிவுகள் 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. பரிசோதனை அளித்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. பரிசோதனை இல்லாத ஊர்களில் அந்த ஆண்டுகளில் அந்நோயால் இறந்த பெண்கள் 92 பேர்.

இந்த ஆய்வின் பயன் உண்மையானது. தமிழ்நாடு அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாக நடத்திப் பார்த்து, பின்னர் மாநிலம் முழுவதற்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுசென்றது. புதுக்கோட்டையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் இன்று 30 வயதுக்கு மேற்பட்ட பெண்ணை ‘ஒரு தடவை பார்த்துக்கம்மா’ என்று கூப்பிடுகிறாரே, அதற்குப் பின்னால் திண்டுக்கல் பெண்கள் இருக்கிறார்கள். இரு தரப்பு ஊர்களின் பெண்களும்.

எதிர்ப்பும் உண்மையானது. திண்டுக்கல், மும்பை, உஸ்மானாபாத் ஆகிய மூன்று இடங்களில் நடந்த சோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, 2014இல் ‘இந்திய மருத்துவ அறவியல் இதழ்’ ஒரு கடுமையான கட்டுரையை வெளியிட்டது. எரிக் சூபா என்னும் அமெரிக்க நோயியல் மருத்துவர் எழுதியது. மூன்று சோதனைகளிலும் பரிசோதனை அளிக்கப்படாத குழுக்களில் 1,38,624 பெண்கள். அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றால் இறந்தார்கள் என்று அது கணக்குக் காட்டியது. முன்கூட்டிப் பரிசோதித்தால் இந்த நோயின் இறப்பு குறையும் என்பது பல பத்தாண்டுகளாக உலகம் அறிந்தது. அறிந்ததை மறுபடி அளக்க ஏழைப் பெண்களைக் காத்திருக்க வைத்தது ஏன் என்பது அதன் கேள்வி. சோதனை நடத்தியவர்களின் பதிலும் இருக்கிறது. அன்று இந்தியாவில் தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டம் கிடையாது. இந்த எளிய முறை இறப்பைக் குறைக்கும் என்பதற்குச் சோதனைச் சான்று அதுவரை இல்லை. சான்றில்லாமல் எந்த அரசும் பணம் ஒதுக்காது. கட்டுப்பாட்டு ஊர்களின் பெண்களிடமிருந்து இருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை.

கடைசி வாக்கியம் என்னை நிறுத்துகிறது. பறிக்கவில்லைதான். இல்லாமையை உருவாக்கவில்லை, இருந்த இல்லாமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பரிசோதனை எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு நாட்டில் இந்தக் கட்டுப்பாட்டுக் குழுவை அமைத்திருக்கவே முடியாது. நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் இருந்ததே அவர்களைச் சோதனைக்குத் தகுதியானவர்களாக ஆக்கியது. அந்தத் தகுதி எந்த அட்டவணையிலும் ஒரு பத்தியாக இல்லை.

இப்போது சிக்கனக் கணிதத்தை இங்கே கொண்டுவருவோம். 2022இன் அந்த யோசனை 2000இல் கையில் இருந்திருந்தால்? கட்டுப்பாட்டு ஊர்களில் பெண்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். ஒருவேளை 30,958 என்பது 20,000 ஆகியிருக்கும். அது ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பரிசோதனை கிடைத்திருப்பதற்குச் சமம். இதற்காகவே பெண்ணியர்கள் இந்தக் கணிதத்தை ஒதுக்கக்கூடாது என்று சொல்வேன். ஒரு கணக்கை நன்றாகப் போட்டால் சிலர் பிழைப்பார்கள் என்றால், அந்தக் கணக்கு நமக்கும் சொந்தம். மாணவிகள் அதைக் கற்க வேண்டும்.

ஆனால் மிச்சமுள்ள 20,000 பேரை என்ன செய்வது? எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு மட்டும்தான் அந்தக் கணிதம் பதில் சொல்கிறது. எதை எண்ணப் போகிறோம் என்பது அதற்கு வெளியே முடிவாகிவிடுகிறது. இறப்பை எண்ணுவது என்று முடிவுசெய்துவிட்டால், இறப்பு நேரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பல்லாயிரம் பேரும் பல ஆண்டுகளும் வேண்டும். எவ்வளவு திறமையான வடிவமைப்பும் அந்தக் காத்திருப்பை முழுதாக நீக்க முடியாது.

ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கறுப்பின உழைக்கும் மக்கள் வாழும் கயேலிச்சாவில் இன்னொரு சோதனை நடந்தது. லினெட் டென்னி என்னும் பெண் மருத்துவர் தலைமையில் நடந்த அதன் முடிவுகள் 2005இல் வெளிவந்தன. 6,555 பெண்கள். எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே சிகிச்சை. கட்டுப்பாட்டுக் குழுவினருக்கு ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனையும் தேவைப்பட்ட சிகிச்சையும். இறப்பை எண்ணவில்லை, புற்றுக்கு முந்தைய தீவிரத் திசுமாற்றத்தை எண்ணினார்கள். அதனால் ஆட்களும் குறைவு, காலமும் குறைவு. திண்டுக்கல் கேட்ட கேள்விக்கு இது முழு விடை அல்ல. திசுமாற்றம் குறைவதும் இறப்பு குறைவதும் ஒன்றல்ல. அந்த ஆறு மாதத் தாமதமும் கேள்விக்கு அப்பாற்பட்டதில்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மிகப் பெரிய சிக்கனம் சூத்திரத்தில் நடக்கவில்லை. காத்திருக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை முதலில் யோசித்து, அதன்பின் எதை எண்ணுவது என்று முடிவுசெய்த இடத்தில் நடந்தது.

கேள்வியை யார் அமைக்கிறார்கள் என்பதற்கு நம் மாநிலத்திலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. 320 அங்கன்வாடிகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதி மையங்களில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரை நியமித்தார்கள். 18 மாதங்களுக்குப் பிறகு அந்த மையங்களில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். வளர்ச்சிக் குறைபாடும் குறைந்திருந்தது. 2024இல் ஒரு முதன்மைப் பொருளாதார இதழில் இது வெளிவந்தது. சமையல், எடை பார்த்தல், பதிவேடு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லிக்கொடுப்பது என்று அங்கன்வாடி அக்காமார் போராட்டப் பந்தல்களில் பல ஆண்டுகளாகக் கேட்டதுதான் இந்தச் சோதனையின் கேள்வியும். பெண்களின் உழைப்பு நேரம் இங்கே அட்டவணைக்குள் வந்திருக்கிறது, இதை வரவேற்கிறேன்.

அந்தக் கட்டுரையின் செலவுக் கணக்கையும் வாசிக்க வேண்டும். செலவைவிடப் பலன் பல மடங்கு என்று அது காட்டுகிறது. செலவு ஏன் அவ்வளவு குறைவு? புதிதாக வந்தவர் உள்ளூர்ப் பெண், ஒப்பந்த வேலை, அரைநாள், நிரந்தரப் பணியாளரைவிடக் குறைந்த ஊதியம். திட்டத்தின் சிக்கனத்தில் ஒரு பங்கு அவருடைய ஊதியத்திலிருந்து வந்தது. ‘குறைந்த செலவில் நிறைந்த பயன்’ என்று எழுதும் இடத்திலெல்லாம் அந்தக் குறைந்த செலவு யாருடைய வருமானம் என்று கேட்டுப் பார்க்கலாம்.

புதுக்கோட்டைப் பெண்களுக்குக் கட்டுப்பாட்டுக் குழு இல்லாமலே தெரிந்த ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகள், கூலிப் பெண்கள், செவிலியர்கள் சைக்கிளில் ஏறினார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வந்தார்கள். பெண் கையில் சைக்கிள் இருந்தால் என்ன மாறும் என்பதைப் பிறகு பொருளாதார அறிஞர்கள் அளந்தார்கள். 2006இல் பீகார் அரசு மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்த திட்டத்தைப் பக்கத்து ஜார்க்கண்டோடு ஒப்பிட்ட ஆய்வு, உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகச் சொன்னது. அளந்தது நல்லது. ஆனால் எதை அளக்க வேண்டும் என்பது அன்னவாசல் சாலையில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. கேள்வியைக் கண்டுபிடித்தவர்களிடம் போய்க் கேட்பதைவிடச் சிக்கனமான வடிவமைப்பு வேறில்லை.

நியூரிப்ஸ் மாநாடு 2021 முதல் ஆய்வாளர்களிடம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கேட்கிறது. மனிதர்களை வைத்து ஆய்வு செய்தீர்களா, அறக்குழுவின் ஒப்புதல் உண்டா, பங்கேற்றவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. நல்ல முன்னேற்றம். பழைய அட்டவணையில் கணினியை ஓட்டிப் பார்ப்பவர் இந்தக் கேள்விகளுக்கு ‘பொருந்தாது’ என்று குறித்துவிடலாம். அட்டவணையில் இருக்கும் தாய்மார் 1985இலேயே நின்றுவிடுகிறார்கள்.

அதனால் என் கோரிக்கை சிறியது, அந்தக் கணித மொழியிலேயே வைக்கக்கூடியது. எத்தனை ஆட்களை மிச்சம் பிடித்தோம் என்று எழுதும் கட்டுரை, மிச்சம் பிடிக்கப்படாதவர்களுக்கு ஆன செலவையும் ஒரு பத்தியாக எழுதட்டும். இழந்த கூலிநாள், நடந்த தூரம், காத்திருந்த மாதம், காத்திருப்பில் நேரக்கூடிய கேடு. எல்லாருக்கும் செலவு ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் வரியை நீக்கிவிட்டு, ஆளுக்கு ஆள் வேறுபடும் செலவைச் சமன்பாட்டில் வைத்தால் கணக்கு கடினமாகும்; செய்ய முடியாதது ஆகாது. வெவ்வேறு செலவுகளோடு தேர்வுசெய்வது இத்துறைக்குப் புதிதும் அல்ல. செலவு என்ற எழுத்துக்கு எதிரே யாருடைய எண்ணை எழுதுகிறோம் என்பதுதான் மாற வேண்டும். அட்டவணை எங்கிருந்து வந்தது, யாரை நீக்கிவிட்டு வந்தது என்றும் இரண்டு வரி எழுதட்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை அந்த அரங்குகளில் நிற்பீர்கள். வடிவமைப்புக் கணிதம் உங்களுக்குக் கைவரும்; கிர்ஸ்டின் ஸ்மித்துக்குக் கைவந்தது. உங்கள் முறை திண்டுக்கல்லில் நடந்தது போன்ற சோதனையில் எத்தனை பேரைக் கட்டுப்பாட்டுக் குழுவிலிருந்து விடுவிக்கும் என்று சொல்லுங்கள். விடுவிக்க முடியாத பெண்ணுக்கு என்ன தரப்போகிறீர்கள் என்று கேள்வி நேரத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். பத்து நிமிட உரையில் அதற்கு ஒரு நிமிடத்தை நீங்களே ஒதுக்கிவையுங்கள்.